டிஸ்டண்ட் தாத்தா

1

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி வாக்கில், என் மகள் நித்யா ஆபீசிலிருந்து போன் செய்தாள். கராடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அவளுக்கு வேலை. சிஞ்ச்வடில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினம் போய்வரக் கட்டாது என்று, அங்கேயே மூன்று பெண்களோடு வாடகைக்கு இருக்கிறாள். இரண்டும் ஒரே புனாதான். ஆனாலும் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வந்தால் அதிகம். வேலை நேரத்தில் பேசுகிற வழக்கமே இல்லாதவள் கூப்பிட்டதும் எனக்குத் திக்கென்றது.

ஒன்றுமில்லை, ஒரு ஃபாரம். கம்பெனியில் இன்ஷூரன்ஸ் மாற்றுகிறார்களாம். தாத்தா பாட்டி வரை யாருக்கு என்னென்ன வியாதி இருந்தது என்று எழுத வேண்டுமாம். அவள் அம்மா வழித் தாத்தாவுக்குச் சர்க்கரை. அது அவளுக்கே தெரியும். என் வழியில் தென்காசித் தாத்தா மஞ்சள் காமாலையில் போனவர். அதையும் எழுதியாயிற்று. பிறகு கேட்டாள்:

"அப்பா, டிஸ்டண்ட் தாத்தாவுக்கு ஹார்ட் ப்ராப்ளம் இருந்துச்சுல்ல? அவரை விட்டுடலாம்தானே? ப்ளட் ரிலேஷன் மட்டும்தான் கேக்கறாங்க."

எழுது என்றேன். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டாள். அடுப்பில் குக்கர் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி பார்வதி, கத்தியை நிறுத்தாமல், இன்னும் எத்தனை வருஷத்துக்கு இப்படியே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் கேட்டதில் தப்பில்லை என்பதால்தான் வந்தது.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு அந்த 'டிஸ்டண்ட்' என்ற சொல்லைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூரத்துச் சொந்தம் என்று நாமும் சொல்கிறோம். ஆனால் எவ்வளவு தூரம் என்பதற்கு நம்மிடம் கணக்கு இருக்கிறது. ஒன்றுவிட்டவர், இரண்டுவிட்டவர், பங்காளி, கொண்டான் கொடுத்தான். ஒருவர் செத்துப்போனால் இவருக்குப் பதினாறு நாள் தீட்டு, அவருக்கு மூன்று நாள், இன்னொருவர் சேதி கேட்டவுடன் தலை முழுகினால் போதும் என்று பந்தலில் நிற்கும் எவரும் சொல்லிவிடுவார்கள். யாருக்கு யார் எவ்வளவு தூரம் என்பதைத் தண்ணீரை வைத்தே அளந்துவிடுகிற ஜனங்கள் நாம். இங்கிலீஷ்காரனுக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. மலைக்கும் சத்தத்துக்கும் மனுஷனுக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல் வைத்திருக்கிறான். அந்தச் சொல்லை நான் ஒரே ஒருவரைப் பற்றித்தான் சொன்னேன். அவர் என்னைப் பெற்ற அப்பா.

2

அவர் பெயர் நெல்லையப்பன். அம்பாசமுத்திரத்தில் ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார். அவருக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் முருகன், இளையவன் நான், சங்கரன். அவருடைய தம்பிக்குத் தென்காசியில் பலசரக்குக் கடை. கடை நன்றாக நடந்தது, குழந்தைதான் இல்லை. எனக்கு ஐந்து வயதாகும்போது ஹோமம் வளர்த்து, சொந்தக்காரர்களுக்கு இலை போட்டு, என்னைத் தத்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து சித்தப்பாவை அப்பா என்றும், அப்பாவைப் பெரியப்பா என்றும் கூப்பிட வேண்டும் என்று சொன்னார்கள். கூப்பிட்டேன். ஐந்து வயதில் எதைச் சொன்னாலும் வாய் பழகிக்கொள்ளும். இந்தக் குறிப்பில் பெரியப்பா என்று எழுதும்போதெல்லாம் என்னைப் பெற்றவரைத்தான் சொல்கிறேன். இத்தனை வயதுக்கு மேல் மாற்றிச் சொல்ல வரவில்லை.

பெரியப்பா அண்ணனை 'ஏல' என்பார், என்னைத் 'தம்பி' என்பார். கொடுத்த பிள்ளையை அதட்டக் கூடாது என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. விடுமுறைக்கு அம்பாசமுத்திரம் போனால் அண்ணனுக்கு முதுகில் இரண்டு விழும், எனக்கு விழாது. அண்ணனைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் அவர் கை சொன்னபடி கேட்கவில்லை. தென்காசியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவர்தான் கூட்டிப்போனார். பதிவேட்டில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில், வாத்தியார் பழக்கம், தன் பெயரையே எழுதிவிட்டார். தென்காசி அப்பா அதைப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் அண்ணே, அடித்துத் திருத்த வேண்டாம் என்றாராம். அந்த எழுத்து சர்டிபிகேட்டில் ஏறி, எழுபத்தைந்தில் என்னோடு புனாவுக்கு ரயில் ஏறியது.

இங்கே சிஞ்ச்வடில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை கிடைத்தது. சேரும்போது ஆபீஸ் கிளார்க் சாவந்த் என் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் மூன்றையும் கேட்டார். மராட்டியர்களுக்கு மூன்றும் இல்லாமல் மனுஷன் கிடையாது. என்னிடம் இருந்தது ஒரு பெயரும் ஓர் எழுத்தும்தான். அந்த எழுத்தை விரித்து நெல்லையப்பன் என்று குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தொழிற்சாலையில் ஒருவரும் என்னைச் சங்கரன் என்று கூப்பிடவில்லை. கேட் காவல்காரர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் நான் 'நெல்லப்பா'. முப்பது வருஷம் பெரியப்பாவின் பெயருக்குத்தான் நான் திரும்பிப் பார்த்தேன்.

தொண்ணூறில் தென்காசி அப்பா போய்விட்டார். தந்தி வந்தது. கையிலிருந்த லீவை நித்யாவின் டைபாய்டுக்குத் தீர்த்துவிட்டிருந்தேன். தகப்பன், தாய், மனைவி, பிள்ளை செத்தால் மட்டும் தனி லீவு உண்டு. சாவந்த் கோப்பைப் புரட்டினார். தகப்பன் பெயர் நெல்லையப்பன், இறந்தவர் பெயர் வேறு. அப்படியானால் இவர் உனக்கு யார் என்று கேட்டார். சித்தப்பா என்றேன். அவர்கள் ஊரில் காக்கா. காக்கா டிஸ்டண்ட் ரிலேட்டிவ், லீவு கிடையாது என்றார். என்னுடைய ஓட்டை ஹிந்தியில் ஹோமத்தையும் தத்தையும் அவருக்கு விளக்கினேன். அழுகை வேறு வந்துவிட்டது. கொள்ளி வைக்க நான் ஒருவன்தான் என்றேன். சாவந்த் நல்ல மனுஷர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அப்பா என்றே போட்டுவிடு, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்றார். ஃபாரத்தையும் அவரே எழுதினார். இறந்தவர் பெயருக்குக் கோப்பைப் பார்த்து நெல்லையப்பன் என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் அப்பா செத்துப்போனார் என்றுதானே எழுதியிருக்கிறது, அது உண்மைதானே என்று ரயிலுக்கு ஓடினேன்.

சாரல் காலம் என்பதால் நான் வரும்வரை உடம்பை ஐஸில் வைத்திருந்தார்கள். சுடுகாட்டில் மொட்டைத் தலையோடு நான் குடம் சுமந்து சுற்றும்போது, பெரியப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

திரும்பி வந்தபோது கேட்டுக்குப் பக்கத்துக் கரும்பலகையில், நெல்லப்பாவின் தந்தை நெல்லையப்பன் அவர்களுக்கு அஞ்சலி என்று சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து எல்லோரும் நின்று மௌனம் காத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்வதியிடம் துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அப்போதே சாவந்திடம் சொல்லித் திருத்தியிருக்கலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

3

தொண்ணூற்றிரண்டு மே மாதம் அண்ணனிடமிருந்து கடிதம். பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்து தப்பியிருக்கிறார், திருநெல்வேலி டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார், உன் கம்பெனியில் பெற்றவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறார்களாமே, சர்டிபிகேட்டில் உனக்கு அப்பா அவர்தானே, கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருந்தான். எதிலும் விவரமானவன் அண்ணன். அவனுக்குத் தெரியாத ஒன்று, அந்த அப்பா இங்கே இரண்டு வருஷத்துக்கு முன்பே செத்துவிட்டார் என்பது.

சாவந்திடம் ஓடினேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்போது தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னக் குற்றம் அகப்பட்டாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. செத்தவரை உயிரோடு கொண்டுவந்து நிறுத்தினால் உன் வேலையும் போகும், எழுதிக்கொடுத்த என் வேலையும் போகும் என்றார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தொழிற்சாலை டிஸ்பென்சரி டாக்டர் இதய வைத்தியத்தில் கெட்டிக்காரர், வெளி ஆளையும் தயவுக்குப் பார்ப்பார். டிஸ்டண்ட் ரிலேட்டிவ் என்று சொல்லிக் காட்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சீட்டு தர மாட்டார், ஆனால் நல்ல யோசனை சொல்வார்.

அடுத்த வாரம் அண்ணன் பெரியப்பாவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினான். டிஸ்பென்சரியில் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, நான் மட்டும் முதலில் உள்ளே போய் அதைச் சொல்லிவிடலாம் என்று திட்டம் வைத்திருந்தேன். எட்டு வயது நித்யாவும் பள்ளி விடுமுறை என்று கூடவே வந்திருந்தாள். ஆனால் நாங்கள் போன நேரம் டாக்டர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எங்களை நேரே உள்ளே அழைத்துப்போனார். பெரியப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். அவர் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. சிரித்துக்கொண்டே, அப்பாவா என்று இங்கிலீஷில் கேட்டார்.

பக்கத்தில் நர்ஸ் பேனாவும் ரிஜிஸ்தருமாக நின்றாள். கரும்பலகை அஞ்சலிக்கு நின்றவர்களில் அவளும் ஒருத்தி.

"நோ சார். டிஸ்டண்ட் ரிலேட்டிவ்" என்றேன்.

நாற்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் என் பக்கத்தில் வெற்று மார்போடு உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை இழுங்கள் என்றதும் இழுத்தார், விடுங்கள் என்றதும் விட்டார்.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். பாதி வழியில், வகுப்பில் ஒரு பையனுக்குச் சொல்கிற குரலில் சொன்னார்:

"டிஸ்டண்ட் ரிலேஷன்னு சொல்லுததுதான் வழக்கம், தம்பி. ரிலேட்டிவ்னாலும் தப்பு கிடையாது."

நித்யாவுக்கு அன்று ஒரு புதுச் சொல் கிடைத்தது. அவளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். வெளியே ஹிந்தியும் மராட்டியும், பள்ளியில் இங்கிலீஷ். பெரியப்பாவோடு அவள் இங்கிலீஷில்தான் பேசினாள், அவரும் இலக்கணம் பிசகாத பழைய இங்கிலீஷில் பதில் சொல்வார். டிஸ்டண்ட் என்றால் என்ன என்று கேட்டாள். அவர் பால்கனியில் அவளை உட்காரவைத்துத் தூரத்துக் குன்றைக் காட்டினார். அது டிஸ்டண்ட். கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. ரிமோட் என்று இன்னொன்று உண்டு, அது கண்ணுக்கும் தெரியாது, போக வழியும் சுலபத்தில் கிடைக்காது. மனுஷர்களுக்கு அதிகம் டிஸ்டண்ட்தான் போடுவார்கள் என்று பொறுமையாக விளக்கினார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து அவள் அவரை டிஸ்டண்ட் தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தாள். தென்காசித் தாத்தாவிலிருந்து பிரித்துச் சொல்ல அவளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பார்வதி அடிக்கக் கை ஓங்கினாள். பெரியப்பா தடுத்துவிட்டார். அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் "யெஸ், மேடம்" என்று எழுந்து நிற்பார், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில், அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, லீவு ஃபாரம் விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அண்ணனைத் திட்டுவது போல ஒரு தடவை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அப்போ தொண்ணூறுலயே நான் போயாச்சுன்னு சொல்லு" என்று சிரித்தார். "நீ எழுதுனது நியாயந்தான். அவன்தான உனக்கு அப்பன். நாங்கதான கொடுத்தோம்."

மடித்த பேப்பரை மறுபடி விரித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த டாக்டர் 'அப்பாவா'ன்னு கேட்டாருல்லா. எத்தனையோ வருஷமாச்சு அப்படி ஒருத்தர் கேட்டு. எனக்கு ஒரு நிமிஷம் ரொம்ப சந்தோஷமா இருந்தது, தம்பி."

டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் என் செலவில் செய்துவிடலாம் என்று ஒரு தடவை சொன்னேன். வேண்டாம், மாத்திரை போதும் என்றார். இரண்டாம் தடவை நான் சொல்லவில்லை. அந்த இரண்டாம் தடவையைப் பற்றி நான் நினைக்காத நாள் கிடையாது.

4

நித்யாவின் போனுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், பார்வதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். தத்து என்றால் என்ன என்பதையே இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. அடாப்ஷன் என்றேன், அவள் மனதில் ஏதோ அநாதை ஆசிரமம் வந்துவிட்டது. இல்லையம்மா, சொந்த அண்ணன் தம்பிக்குள்ளேதான், ஹோமம் வளர்த்து, என்றேன். அரை மணி நேரம் ஆயிற்று.

முதலில் அவள் ஃபாரத்தைப் பற்றித்தான் கேட்டாள். அப்படியென்றால் அப்பா வழித் தாத்தா என்ற கட்டத்தில் இதயம் என்று எழுத வேண்டும், உங்களுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும், நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்குகிறேன் என்றாள். எந்த விஷயத்திலும் அவளுக்கு முதலில் காரியம்தான். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள், அங்கிருந்தே குரலை உயர்த்தினாள்.

"எனக்கு ஏன்பா சொல்லலை? நான் அவரை அப்டியே கூப்டுட்டு இருந்தேனே. ரெண்டு வாரம் ஃபுல்லா. அவரும் எழுந்து எழுந்து நின்னாரே."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. என்னால் எழுந்து போக முடியவில்லை. போய் என்ன சொல்வது? அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார் என்று இங்கிருந்தே சொன்னேன். அவள் குழாயைத் திறந்துவிட்டுத் தட்டுக் கழுவ ஆரம்பித்தாள். அன்றைக்குப் பிறகு அவரைத் தாத்தா என்று மட்டும்தான் சொல்கிறாள்.

இதுவரைக்கும் உள்ளதைத்தான் அவளிடம் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்வதிக்கும் தெரியாது. நித்யாவால் தமிழை எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க முடியாது. பஸ் பலகை படிக்கிற அளவுக்குக்கூட நான் சொல்லித்தரவில்லை, நேரமில்லை என்று தட்டிக்கழித்தேன். அது எனக்கு எப்போதும் பெரிய குறை. இன்று அந்தக் குறையின் மறைவில் உட்கார்ந்துகொண்டுதான் மிச்சத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

5

தொண்ணூற்றைந்து ஏப்ரல், ஒரு திங்கட்கிழமை காலை. கீழ்வீட்டில் போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். அண்ணன் பேசினான். விடிகாலையில் அப்பா போய்விட்டார்கள் என்றான். குரல் உடைந்திருந்தாலும் வழக்கம்போல எல்லா ஏற்பாட்டையும் யோசித்து வைத்திருந்தான். வெயில் காலம், எனக்காக உடம்பைப் போட்டுவைக்க முடியாது, அவன் கொள்ளி வைத்துவிடுவான்.

"நீ பதறாம வா. உனக்கு மூணு நாள்தான" என்றான்.

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தத்துப் போனவனுக்குப் பெற்ற தகப்பன் சாவில் மூன்று நாள்தான் தீட்டு. அதைத்தான் சொன்னான்.

நேரே சாவந்திடம் போனேன். லீவு வேண்டும் என்றேன், யார் என்றார். அந்த டிஸ்டண்ட் ரிலேட்டிவ் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் லீவில் கையெழுத்துப் போட வேண்டியவர் பாட்டீல் என்ற புதுச் சூப்பர்வைசர். தூரத்து உறவு செத்ததற்கெல்லாம் அவர் விட மாட்டார், நீ போனால் செத்தவர் எழுந்து உட்காரப் போகிறாரா, ஒரு கடிதம் போடு என்பார். கல்யாணம் என்றால் விட்டுவிடுவார், கல்யாணத்துக்குப் போகாவிட்டால் குடும்பத்தில் பகை வரும் என்பது அவருக்குத் தெரியும். சாவந்த் இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இந்தத் தடவை ஃபாரத்தை அவர் எழுதவில்லை. பேனாவை என் பக்கம் நகர்த்தினார். தூரத்து உறவினர் திருமணம், ஒரு வாரம் விடுப்பு வேண்டும் என்று இங்கிலீஷில் நானே எழுதினேன். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன்.

இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து புதன்கிழமை அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் மொட்டைத் தலையோடு வெறும் பாயில் உட்கார்ந்திருந்தான். யாரோ, ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வா, உனக்கு இன்றோடு தீர்ந்தது, சாப்பிடலாம் என்றார்கள். நான் காரியம் செய்துவைக்க வந்தவரிடம் போய், நானும் மொட்டை போட்டுக்கொள்கிறேன், பதினாறு வரை இல்லாவிட்டாலும் ஊருக்குப் போகிற வரையாவது அண்ணனோடு உட்காருகிறேன் என்று கெஞ்சினேன். கூடாது என்றார். தென்காசித் தகப்பனுக்குச் செய்தாயிற்று, அந்த உரிமை அங்கே போய்விட்டது, இங்கே மறுபடி செய்வது முறையில்லை என்றார். தொண்ணூறில் நான் கையெழுத்துப் போட்ட இங்கிலீஷ் ஃபாரம் சொன்னதையேதான் அவரும் சொன்னார். ஆற்றில் முழுகினேன். தலையைத் துவட்டிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

கிளம்புகிற அன்று அண்ணன் வாசல் வரை வந்தான். புனா டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பெரியப்பா கடைசி வரை ஒரு வேளை தவறாமல் போட்டாராம்.

"யார் வந்தாலும் இதையேதான் சொல்லுவாங்க. எம் மகன் ஃபாக்டரி டாக்டர் பாத்து எழுதிக்கொடுத்தது, எம் மகன் பக்கத்துலயே நின்னான்னு. எங்களுக்கே கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு" என்றான்.

சனிக்கிழமை புனா வந்தேன். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். எட்டாம் நாள். தலையில் முடி இருந்தது, முகம் மழித்திருந்தது, போட்டிருந்தது இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் தோன்றியிருக்க நியாயமில்லை. பாட்டீல் என் மேஜைக்கே வந்துவிட்டார். கல்யாணம் நன்றாக நடந்ததா என்று கேட்டார். நடந்தது என்றேன். மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்றார். மாப்பிள்ளை வீடு என்றேன். அப்படியானால் பேடா எங்கே என்றார். இந்த ஊரில் கல்யாணமோ, பிள்ளை பிறந்ததோ, பையன் பரீட்சையில் தேறியதோ, எதுவானாலும் பேடா என்ற பால் இனிப்பைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் விடவே மாட்டார்கள். மறந்துவிட்டேன் என்றேன். சுற்றி நின்றவர்கள் நெல்லப்பா கஞ்சன் என்று கேலி செய்தார்கள். வாங்கிக்கொண்டு வா என்று மத்தியானம் என்னைக் கேட்டுக்கு வெளியே அனுப்பியே விட்டார்கள்.

அரைக் கிலோ வாங்கினேன். பெட்டியைத் திறந்து மேஜை மேஜையாகப் போனேன். சாவந்த் நான் வருவதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த காகிதங்களை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். மற்ற எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், வாழ்த்துச் சொன்னார்கள். கடைசியில் பாட்டீல். அவர் ஒரு பேடாவை இரண்டாகப் பிட்டு, கொண்டுவந்தவன் வாயில் முதலில் போட வேண்டும் என்று, பாதியை என் வாயருகே நீட்டினார். அம்பாசமுத்திரத்தில் அண்ணன் அந்த நேரம் உப்பில்லாத ஒரு வேளைச் சோற்றுக்கு உட்கார்ந்திருப்பான். பாட்டீல் கையை எடுக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா செத்த எட்டாம் நாள் அது. நான் வாயைத் திறந்தேன். அவர் போட்டார். மென்று விழுங்கிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.